கூட்டத்தில் நான் மறித்த வகுப்பு

மன்னார்,
19.08.2025

அன்பு மகள் சுவேதினிக்கு,

அப்பா எழுதுகிறேன். மடு மாதாவின் காவலில் இங்கே அம்மா, தங்கச்சி றொஷேல், நான் மூன்று பேரும் இருக்கிறோம், நீயும் அங்கே அதே காவலில் இருக்க வேண்டும் என்று பின்னேரச் செபமாலையில் கேட்காத நாள் இல்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போன வெள்ளிக்கிழமை போனில் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிசம், அதில் இரண்டு நிமிசம் நீ நல்லா இருக்கிறன் அப்பா, வேலைக்கு நேரம் போகுது என்றாய், மிச்ச ஒரு நிமிசம் அம்மா போனைப் பறித்து மீன் சாப்பிடுகிறாயா என்று கேட்டதில் போய்விட்டது. பிறகு நீ அனுப்பின குரல் பதிவில் சிரிப்புத்தான் கூட, விசயம் ஒன்றும் இல்லை. போனை நீ வெட்டலாம், கடிதத்தை வெட்ட முடியாது. அதனால் அங்கே உன் ஊரில் இருந்து லீவில் வந்து நிற்கும் றொட்னியிடம் கொடுத்து விடுகிறேன். அவன் நாளைக்குப் புறப்படுகிறான், உன் கையில் நேரே தருவான், நீ வாசித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடு, அவனை அனுப்பிவிட்டுப் பிறகு வாசிக்கிறேன் என்று சொல்லாதே.

ஊர்ப் புதினத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா பக்கத்தில் நின்று அதை எழுதினாயா இதை எழுதினாயா என்று உயிரை வாங்குவாள். அவளுடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்கிறாள், போடாவிட்டால் கால் நோகிறது என்கிறாள், இரண்டுக்கும் ஏச்சு எனக்குத்தான். கச்சான் காற்று இந்த வருசம் விட்டபாடில்லை, கிழமையில் இரண்டு நாள் வள்ளம் இறக்கினாலே பெரிய காரியம், அந்த இரண்டு நாளும் பார்த்துத்தான் இந்திய இழுவைப் படகு றோலர்காரன் வந்து நண்டு வலையை வாரிக்கொண்டு போகிறான். மீனவர் சங்கத்தில் முறைப்பாடு எழுதினோம், கடற்படைக்கு எழுதினோம், மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு எழுதினோம், உங்கள் கடிதம் கிடைத்தது என்று எல்லாரும் கடிதம் போட்டிருக்கிறார்கள். றொட்னியின் பெட்டியில் அம்மா பாதிக்கு மேல் கருவாடு அடைத்துவிட்டாள், அவன் தன்னுடைய சட்டைகளை எங்கே வைப்பது என்று கேட்க, சட்டை அங்கேயும் விற்கிறதுதானே என்று சொல்லிவிட்டாள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீ பயந்துவிடாமல் இருக்க முடிவை முதலே சொல்கிறேன், தங்கச்சி உயிரோடு இருக்கிறாள், நான் இதை எழுதும்போது குசினியில் அம்மாவோடு பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள், மருந்து எடுக்கிறாள், கிளினிக்குக்குப் போகிறாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவளை நாங்கள் இழந்திருக்கலாம். அதை உனக்குப் போனில் சொல்ல முடியவில்லை, இந்த வீட்டில் போன் கதைத்தால் ஸ்பீக்கரை நிற்பாட்ட அம்மாவுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுச் சிங்கராசா அண்ணன் அங்கிருந்து பதில் சொல்வார். ஆறு கிழமையாக உனக்கு மறைத்ததற்கு நீ என்னை ஏசலாம், ஆனால் ஏசுவதற்கு முதல் கடைசி வரைக்கும் வாசி, ஏனென்றால் மறைத்தவன் நான் மட்டும் இல்லை.

மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் அபிவிருத்திச் சங்கக் கூட்டம். நான் அதில் செயலாளர் என்பது உனக்குத் தெரியும், எனக்கு வாய் கூட என்பதும் தெரியும். அஸீபா டீச்சர் என்று ஒருவர், பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்டு ஆலோசனை சொல்லப் படித்துவிட்டு வந்தவர், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் இரண்டு பாடநேரம் தரச் சொல்லிக் கேட்டார். மனம் கிழமைக் கணக்கில் இருட்டாகவே இருந்தால் அது சோம்பல் இல்லை, வருத்தம், அதை யாரிடம் சொல்ல வேண்டும், கூட்டாளி ஒருத்தி எனக்கு உயிரோடு இருக்க விருப்பமில்லை என்று சொன்னால் மற்றவள் என்ன செய்ய வேண்டும், இவ்வளவும்தான் பாடம். நான் எழும்பினேன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் சாவைப் பற்றிக் கதைத்தால் இல்லாத எண்ணத்தை நாங்களே விதைத்ததாகாதா, எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி என்ன கவலை, சண்டைக்குள் வளர்ந்த நாங்களே கவலை என்று சொன்னதில்லை என்று பத்து நிமிசம் பேசினேன். கை தட்டினார்கள். பள்ளிக்கூட அதிபர் டீச்சரின் விண்ணப்பத் தாளைக் கோப்புக்குள் வைத்துவிட்டார். அஸீபா டீச்சர் இருந்த கதிரையை விட்டு எழும்பாமல் ஒரு வார்த்தை சொன்னார்: "ஐயா, நான் சொல்லிக் குடுக்க முதலே பிள்ளையளுக்கு அந்த எண்ணம் தெரியும். ஆரிட்டப் போய்ச் சொல்லுறதெண்டுதான் தெரியாது." அதற்கும் நான் ஏதோ பதில் சொல்லிச் சிரிக்க வைத்தேன், என்ன சொன்னேன் என்பது இப்போது ஞாபகத்தில் இல்லை, சிரித்தது மட்டும் காதில் கேட்கிறது. என் பிள்ளை எட்டாம் வகுப்பு. நான் மறித்த வகுப்பு அவளுடைய வகுப்பு.

அந்த நேரமே அவள் வேறு பிள்ளையாகிவிட்டிருந்தாள், வீட்டில் இரண்டு பேர் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தும் காணவில்லை. கோயில் பாடற்குழுவுக்குப் போவதை விட்டாள், தொண்டை சரியில்லையாக்கும் என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படுத்தாள், வெயில் என்றோம். திங்கட்கிழமை தோறும் வயிற்றுக்குத்து, கள்ளம் என்றேன். சாப்பாட்டைக் கிண்டிக் கிண்டி வைத்தாள், பெரிய பிள்ளையாகிவிட்டாள் அப்படித்தான் என்றார்கள் மச்சாள்மார். தன்னுடைய நிறப் பென்சில் பெட்டியை, நீ அனுப்பினது, தொடவே விடமாட்டாளே, அதைச் சிங்கராசா அண்ணனின் பேத்திக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தாள், பார் என்ன நல்ல மனசு என்று நான் மெச்சினேன். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பெயர் இருந்தது. கண்ணூறு, போன், சோம்பல், வெயில். உனக்கு என்ன குறை என்று நான் கேட்ட கேள்வியை எண்ணினால் நூறு தரம் வரும். அது கேள்வியே இல்லை என்பது இப்போது விளங்குகிறது, அது ஏச்சு.

ஆடி மாதம் முதல் கிழமை, யூலை மூன்றாம் திகதி. வலைக்கு ஒரு கணக்குப் போட வெறும் தாள் தேடி அவளுடைய வரலாற்றுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நான் இல்லாமல் போனால் இந்த வீட்டுக்கு நிம்மதி என்று எழுதியிருந்தாள், முத்து முத்தான எழுத்து, கீழே திகதி வேறு போட்டிருந்தாள். அம்மாவிடம் காட்டினேன். அவள் கொப்பியைப் பறித்து அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு ஒருத்தருக்கும் மூச்சு விடாதே, நாளைக்கு இவளைக் கட்டிக் கொடுக்க வேண்டாமா என்றாள். பதின்மூன்று வயது, கட்டிக் கொடுக்கும் கதை. அவளை ஏசுகிறேனே, நான் செய்ததைக் கேள். எனக்கு வந்தது கோபம். தற்கொலை பாவம், அதை நினைப்பதும் பாவம், பாவத்தைக் கழுவ இடம் இருக்கிறது, அடுத்த நாள் முதல் வெள்ளி, கோயிலில் பாதர் இருந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், செய்த பாவத்தை அவர் காதில் சொல்லி மன்னிப்பு வாங்கலாம். பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஒரு வார்த்தை கேட்காமல், ஏன் என்றும் சொல்லாமல், அலுமாரியில் இருந்து எடுத்த கொப்பியையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பாதரிடம் முதலே போய்க் கொப்பியைக் காட்டி, இவளுக்கு நல்லாச் சொல்லி அனுப்புங்கோ பாதர் என்று சொல்லிவிட்டு, வருத்தக்காரப் பிள்ளையை வரிசையில் நிறுத்திவிட்டு வாசலில் காவல் நின்றேன். இப்படி ஒரு அப்பன்.

அவள் உள்ளே நிறைய நேரம் இருந்தாள். வெளியே வந்து செபிக்க முழங்காலில் நிற்காமல் கோயில் மரவாங்கில் சும்மா இருந்தாள், முகம் வீங்கியிருந்தது. எல்லாரும் போன பிறகு நான் பாதரிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்குத் தெரியாதா பாவசங்கீர்த்தன இரகசியம், தெரிந்துகொண்டுதான் கேட்டேன், என் பிள்ளை, கூட்டி வந்தவன் நான், கொப்பி காட்டினவன் நான், எனக்கே சொல்லமாட்டீர்களோ என்று கோயிலுக்குள் சத்தம் போட்டேன். அந்த மனிசன் பொறுமையாக நின்று கேட்டுவிட்டு, "நீங்கள் காட்டின கொப்பியைப் பற்றி மட்டும் கதைக்கிறன் அண்ணன். காய்ச்சல்காரப் பிள்ளையை ஒருத்தரும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டு வாறேல்ல. டொக்டரிட்டத்தான் கொண்டுபோறது" என்றார். பிறகு என் தோளைப் பிடித்து, "என்ர வாய் கட்டுப்பட்டது. நீங்கள் இவ்வளவு நாளும் பிள்ளையிட்ட நேர கேட்டனீங்களோ?" என்றார். இல்லை. கொப்பியை வாசித்தேன், அம்மாவோடு சண்டை பிடித்தேன், பாதரோடு சண்டை பிடித்தேன், அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளைக் கடற்கரைப் பக்கம் திருப்பினேன். வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தில் எங்கள் வள்ளத்தின் நிழலில் இரண்டு பேரும் இருந்தோம். கேட்க வாய் வரவில்லை சுவேதினி. பசிக்குதா என்று கேட்டேன். கணக்குப் பாடம் கஷ்டமா என்று கேட்டேன். கூட்டத்தில் பத்து நிமிசம் பேசினவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று ஊருக்குச் சொன்னவன் நான்தானே. கடைசியில் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன், "பிள்ளை, சாவமெண்டு யோசிக்கிறியா?" அவள் மண்ணைக் கிளறிக்கொண்டே "இடைக்கிட" என்றாள். பிறகு, "சாகோணுமெண்டில்லை அப்பா. இப்பிடி இருக்கேலாது" என்றாள். அவளுக்கு அதைச் சொன்னதும் தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கியதை என் கண்ணால் கண்டேன். பொழுது சாயும் வரைக்கும் கதைத்தாள். வகுப்பில் கூட்டாளிமார் தன்னை விட்டு விலகினது, எதைச் செய்தாலும் பிழையாகப் போகிறது என்ற நினைப்பு, காலையில் எழும்பினால் உடம்பு முழுக்க ஈரச் சாக்கைப் போட்டதுபோல் பாரம். நான் புத்தி சொல்ல வாயைத் திறந்து மூன்று தரம் மூடினேன். வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

அடுத்த நாள் விடிந்ததும் றொஷேலையும் கூட்டிக்கொண்டு அஸீபா டீச்சரின் வீட்டுக்குப் போனேன். என்ன முகத்தோடு போனேன் என்று கேட்காதே. அன்றைக்கே சொன்னேனே ஐயா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், எனக்கு அது வேண்டித்தான் இருந்தது. சொல்லவில்லை. எங்களை இருத்தி, றொஷேலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு என்னை ஒரு பக்கம் அழைத்து, இன்றைக்குத் தனியே விடாதீர்கள் என்றார், அன்றைக்கே எங்களோடு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் வந்தார். டொக்டர் அவளோடு தனியாகக் கதைத்தார், பிறகு எங்களோடு. வீட்டில் எதை எதைக் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும் என்று சொன்னார், செய்தோம். இது மனத்துக்கு வரும் வருத்தம், மாறும், நாள் எடுக்கும் என்றார். ஏன் வந்தது என்று கேட்டேன், ஒரே ஒரு காரணம் தேடாதீர்கள் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு ஒரு காரணம் வேண்டும், அதைப் பிடித்து நாலு ஏச்சு ஏச வேண்டும். அப்படி ஒன்று இல்லையாம். இப்போது ஒரு நாள் சிரிக்கிறாள், இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள், மூன்றாம் நாள் சொதி நல்லாயில்லை என்று அம்மாவோடு சண்டை பிடிக்கிறாள், சண்டை பிடித்தால் எங்களுக்குப் பெருநாள். சொந்தக்காரர் சும்மா இருக்கிறார்களா, ஒருத்தி பேய் என்கிறாள், ஒருத்தி அந்த மாத்திரை மூளையைக் கரைக்கும் என்கிறாள், சிங்கராசா அண்ணன் மந்திரித்த தண்ணீர்ப் போத்தலோடு வந்து நிற்கிறார். அம்மா திருந்திவிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று, என்ர பிள்ளைக்கு மனவருத்தம், டொக்டர் பார்க்கிறார், தண்ணியைக் கொண்டுபோய் மரத்துக்கு ஊத்துங்கோ என்று சொல்லி அனுப்பினாள்.

ஆடிக் கடைசியில் திரும்பவும் கூட்டம். எழும்பி நின்றேன், போன முறை நான் பேசினது முழுப் பிழை, அந்த இரண்டு பாடநேரத்தையும் கொடுங்கள் என்றேன். ஏன் மனம் மாறியது என்று பின்னால் ஒருத்தன் கேட்டான். றொஷேலிடம் முதல்நாளே கேட்டிருந்தேன், பேர் சொல்லாமல் சொல்லுங்கோ என்றிருந்தாள், எங்களுக்கு நெருக்கமான ஒரு பிள்ளை என்று சொன்னேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன், அதற்குப் பிறகு என்ன பேர் வேண்டும். யாரும் கை தட்டவில்லை. வகுப்பு நடந்தது. முடிந்த பிறகு மூன்று பிள்ளைகள் டீச்சரைத் தேடிப் போனார்களாம், யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஊரில் எனக்கு ஒன்றும் சொல்லாத ஆட்கள் பெருகிக்கொண்டு வருகிறார்கள்.

இனித்தான் உன்னுடைய விசயம். மடுத் திருவிழாவுக்கு வழமைபோலப் போனோம், அம்மா மூன்று நாள் கூடாரம் என்று பிடிவாதம், நான் ஒரு நாள் என்று பிடிவாதம், இரண்டு நாள் நின்றோம். பெருநாளன்று மாதாவின் திருச்சொரூபத்தைக் கொண்டு கொடுக்கும் ஆசீர் முடிந்து சனம் கலையும்போது றொஷேல் மட்டும் மாதாவைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நானும் நின்றேன். பிறகு கூடாரத்துக்கு நடக்கும் வழியில், "அப்பா, மாதா மேல பண்ணின சத்தியத்தை முறிச்சால் தண்டிப்பாவோ?" என்று கேட்டாள். என்ன சத்தியம் என்று கேட்டேன். சொல்லிவிட்டாள். உயிர்த்த ஞாயிறன்று நீ அவளுக்குத் தனியாகப் போன் எடுத்து அழுதாயாம். காலையில் எழும்ப விருப்பமில்லை, ஏன் இருக்கிறேன் என்றே தெரியவில்லை, எல்லாம் போதும் என்று சொன்னாயாம். அப்பா அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று மடு மாதா மேல் அவளிடம் சத்தியம் வாங்கினாயாம். அன்று தொடக்கம் ஒவ்வொரு ஞாயிறும் நீ ஸ்பீக்கரில் நல்லா இருக்கிறன் என்று சொல்ல, அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆடி மாதம் அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது கொப்பியைப் பற்றியே இல்லையாம். இந்தச் சத்தியத்தை முறிக்கலாமா என்றுதான் கேட்டிருக்கிறாள். அது உன்னைக் கட்டாது பிள்ளை, போய்ச் சொல் என்று பாதர் சொல்லியிருக்கிறார். ஆனால் மாதாவிடம் செய்த சத்தியத்தை மாதாவிடம்தான் போய் விடவேண்டும் என்று ஆறு கிழமை திருவிழா வரும் வரைக்கும் காத்திருந்திருக்கிறாள். இந்தப் பிள்ளையை என்ன செய்ய. உன்னைத்தான் என்ன செய்ய.

ஏசத்தான் போகிறேன், கேட்டுக்கொள். உனக்கு மூளை இருக்கிறதா, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் அதைத் தூக்கி வைத்துப் பூட்டும் போட்டுவிட்டாயே. உன்னால்தான் அவளுக்கு வருத்தம் வந்தது என்று நினைக்காதே, அவளுக்கு அது தை மாதமே தொடங்கிவிட்டது, டொக்டரும் அப்படித்தான் சொல்கிறார், ஆனால் அந்தச் சின்னத் தோளுக்கு அது பெரிய பாரம். எழுதி முடிக்கவே அடுத்த கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது, நீ வேறு யாரிடம் சொல்வாய். நீ அங்கே போய்ச் சேர்ந்த முதல் வருசம், அந்த முதியோர் இல்லத்து வேலை கஷ்டம் அப்பா, தனிய இருக்கேலாமல் இருக்குது என்று நீ ஒரு நாள் சொன்னாய். நான் என்ன சொன்னேன். வெளிநாடு போக வழியில்லாமல் இங்கே எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள், உனக்குக் கொழுப்பு என்றேன். அதற்குப் பிறகு நீ ஒரு நாளும் சொல்லவில்லை. நல்லா இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை மடுவில் இருந்தே உனக்கு எடுத்தேன், அந்த மூன்று நிமிசத்துக்குள் றொஷேல் சொன்னதைக் கேட்க, நீ சின்னப் பிள்ளை பிழையாக விளங்கிவிட்டது, நல்லா இருக்கிறன் என்றாய். சனிக்கிழமை அங்கேயே நிற்கிற றொட்னியின் மனைவியை உன் அறைக்கு அனுப்பினேன், நீ சிரித்துக் கதைத்துப் பாணும் சம்பலும் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். உன் கண்ணின் கீழ் கறுத்துக் கிடந்தது, ஆள் பாதியாகிவிட்டாள் என்று அவள் சொன்னாள். றொஷேல் பிழையாக விளங்கவில்லை.

அதனால் வள்ளத்து நிழலில் கேட்டதை உன்னிடமும் கேட்கிறேன், இந்த முறை கடலைப் பார்த்துக்கொண்டு கேட்கவில்லை, உன் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். சுவேதினி, சாவைப் பற்றி யோசிக்கிறாயா. ஓம் என்றால் ஓம் என்று சொல். நான் ஏசமாட்டேன், ஊர் என்ன சொல்லும் என்று கேட்கமாட்டேன், போக வழியில்லாதவர்களைப் பற்றி இனிச் செத்தாலும் கதைக்கமாட்டேன். இல்லை, வெறும் களைப்புத்தான் என்றால் அதையும் முழுசாகச் சொல். வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றால் வா, உன் கட்டில் அதே அறையில்தான் இருக்கிறது, அங்கேயே நின்று மருந்து எடுக்க வேண்டும் என்றாலும் எடு, இரண்டும் எங்களுக்குச் சம்மதம். அஸீபா டீச்சர் உங்கள் நாட்டில் இலவசமாக எடுத்துக் கதைக்கிற இலக்கம் ஒன்றைத் தேடித் தந்தார், தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், எந்த நேரமும் ஆள் இருப்பார்களாம். உன் டொக்டரிடம் போவதற்குத் துணை வேண்டும் என்றால் றொட்னியின் மனைவி வருவாள், அவளோடு கதைத்துவிட்டேன், கோபிக்காதே, எனக்கு வாய் கூட என்று முதலே சொன்னேன்.

ஆண்டவர் உன்னைக் கைவிடமாட்டார், மடு மாதா உன் கட்டிலடியில் நிற்பார், அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்லி இரண்டு தரம் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு. வாசித்து முடித்ததும் றொட்னியின் போனில் இருந்தே எடு, அவனை அனுப்பிவிட்டு எடுக்கலாம் என்று வைக்காதே. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் போன் என் கையில் இருக்கும், ஸ்பீக்கரை எப்படி நிற்பாட்டுவது என்று றொஷேல் காட்டித் தந்துவிட்டாள். கீழே தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனையைக் கேட்டு நிற்கிறாள், கொடுக்கிறேன்.

உன்னிடம் முதலே கேட்டிருக்க வேண்டிய
உன் அப்பா,
ம. அமிர்தநாயகம்

அக்கா, அப்பாட்டச் சொல்லு. ஏசமாட்டார். நான் சொல்லிப் பார்த்தனான்.
றொஷேல்